மயில் படத்துக்கு மயங்காதீர்கள்: வேக்சர்ஃப் போர்டு வாங்க, ஓட்ட, காக்க 22 குறிப்புகள்

டெக்சாஸ் மாநிலத்தில் ஆஸ்டினுக்குக் குடிவந்த பிறகு, கோடையில் எங்கள் சனிக்கிழமைகள் எல்லாம் ட்ராவிஸ் ஏரியில்தான். நண்பர் ஒருவரிடம் படகு இருக்கிறது. பெட்ரோல் செலவில் ஆளுக்கொரு பங்கு, புளியோதரையும் தயிர்சாதமும் எங்கள் வீட்டிலிருந்து என்று ஏற்பாடு. படகு கிளப்பும் அலையில் ஏறி நின்று, கொஞ்ச நேரத்தில் கயிற்றையும் விட்டுவிட்டு, அலை தள்ள வெறும் பலகையில் வருவதுதான் வேக்சர்ஃப். வேக்போர்டு போல இதில் காலைப் பூட்டும் வார் கிடையாது. நாற்பது வயதுக்கு மேல் கற்றுக்கொண்டவள் நான். முதல் போர்டை அதன்மேல் இருந்த மயில் படத்துக்காக வாங்கினேன். ஒரு கோடை முழுக்கத் தண்ணீர் குடித்தேன். "அம்மா, நீ நல்லாதான் நிக்கிற. அது உனக்கான போர்டே இல்ல" என்று மகன் சொன்ன பிறகுதான் அதைக் கவிழ்த்துப் பார்த்தேன். அப்போது தொடங்கிக் குறித்துவைத்தவை இவை.

1. கடையில் போர்டைக் கையில் வாங்கியதும் கவிழ்த்துவிடுங்கள். படம், பெயர், நிறம் எல்லாம் மேல்பக்கம். சவாரி முழுக்க அடிப்பக்கம். கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற மாதிரி பாருங்கள். மூக்கிலிருந்து வால்வரை வளைவு எவ்வளவு, ஓரம் மழுங்கலா கூரா, நடுவில் குழிவு உண்டா, வால் எவ்வளவு அகலம், வாலடியில் துடுப்பு போல நீட்டிக்கொண்டிருக்கும் ஃபின் எத்தனை. இந்த ஐந்துக்கும் விடை தெரியாமல் பணம் கொடுக்க வேண்டாம்.

2. உங்கள் எடையை மறைக்காமல் சொல்லுங்கள். உயரம் அவ்வளவு முக்கியமில்லை. சுமாராக 60 கிலோ உள்ளவருக்கு நாலரை அடிப் போர்டு, 75 கிலோவுக்கு நாலே முக்கால் முதல் ஐந்து அடி, 90 கிலோவைத் தாண்டினால் ஐந்தேகால் அடியும் அதற்கு மேலும். நிறுவனத்துக்கு நிறுவனம் அட்டவணை மாறும். அந்தந்தப் போர்டின் அட்டவணையைப் பாருங்கள். இரண்டு அளவுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால், புதிதாகக் கற்பவர் பெரியதை எடுப்பதே நல்லது. என் மயில் போர்டு 50 கிலோவுக்கு உட்பட்டவர்களுக்கானது. நான் 68. அடிப்பக்க ஸ்டிக்கரிலேயே எழுதியிருந்தது, நான்தான் படிக்கவில்லை.

3. போர்டில் இரண்டு சாதி, ஒரு கலப்பு. சர்ஃப் வகை தடிமனானது, மிதப்பு அதிகம், ஃபின் பெரியது. அலையின் தள்ளலை நன்றாக வாங்கிக்கொள்ளும்; அலைக்கு மேலே ஏறி, கீழே இறங்கி, பெரிய வளைவாகத் திரும்பப் பிடிக்கும். ஸ்கிம் வகை மெல்லிசு, தட்டை, ஃபின் விரல் நீளம்தான். வழுக்கிக்கொண்டு நிற்கும், நின்ற இடத்தில் ஒரு சுற்றுச் சுற்ற இதுதான் வசதி. ஆனால் தள்ளல் குறைவாக வாங்குவதால் அலையின் செங்குத்தான பகுதியை விட்டு நகர முடியாது. ஹைப்ரிட் இரண்டுக்கும் நடுவில். முதல் போர்டுக்கு சர்ஃப் வகை. ஸ்கிம் பக்கம் போகிறவர்கள் இரண்டாம் வருஷம் போகலாம்.

4. ஊரில் கடலுக்கு வைத்திருந்த ஆறடிப் போர்டை ஏரிக்குக் கொண்டுவராதீர்கள். கடல் அலை நீளமானது. படகின் அலை முழங்கால் முதல் இடுப்பு உயரம். வளைவு குட்டையானது, செங்குத்தானது. நீளப் போர்டின் மூக்கு முன்னால் இருக்கும் பள்ளத்தில் குத்திக்கொள்ளும். இன்னொன்று, இங்கே வேகம் மணிக்கு 16 முதல் 19 கிலோமீட்டர்தான். அந்த மெதுவான ஓட்டத்தில் உங்களைத் தூக்கிப் பிடிக்கப் போர்டுக்குப் பரப்பு வேண்டும். அதனால்தான் வேக்சர்ஃப் போர்டு குட்டையாகவும் நீளத்துக்கு மிஞ்சின அகலமாகவும் இருக்கிறது.

5. நீளத்தோடு நிறுத்தாமல் போர்டின் கன அளவு எத்தனை லிட்டர் என்றும் கேளுங்கள். ஒரே நாலரை அடியில் தடித்த போர்டும் உண்டு, அப்பளம் மாதிரியும் உண்டு. லிட்டர் கூடினால் மிதப்பு கூடும், கயிற்றை விடுவது சுலபம்.

6. போர்டின் வளைவுக்கு ராக்கர் என்று பெயர். வீட்டுக் கூடத்துத் தரையில் ஃபின்னைக் கழற்றிவிட்டு வயிற்றுப்பக்கம் கீழே படும்படி வையுங்கள். மூக்குக்குக் கீழே எத்தனை விரல் நுழைகிறது, வாலுக்குக் கீழே எத்தனை என்று பாருங்கள். தரையோடு தரையாகக் கிடந்தால் வேகம் அதிகம், பின்தங்கினாலும் எட்டிப்பிடித்துவிடும். ஆனால் செங்குத்தான அலையில் மூக்கு மூழ்கும், திரும்பச் சோம்பல்படும். வாழைப்பழமாய் வளைந்திருந்தால் மூக்கு மூழ்காது, சட்டென்று திரும்பும். ஆனால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போவதால் வேகம் குறையும். பழகுகிறவருக்கு மூக்கில் நல்ல தூக்கலும் நடுவில் தட்டையும் இருந்தால் போதும்.

7. ஓரத்தின் வேலை புரிய ஒரு சமையலறைச் சோதனை. குழாயை மெலிதாகத் திறந்துவிட்டு, ஒரு ஸ்பூனின் காம்பை இரண்டு விரலில் தொங்கவிட்டுப் பிடித்து, அதன் முதுகைத் தண்ணீரில் லேசாகத் தொடவையுங்கள். தண்ணீர் ஸ்பூனைத் தள்ளிவிடும் என்று நினைப்போம். மாறாக உள்ளே இழுத்துக்கொள்ளும்! உருண்டையான பரப்பைத் தண்ணீர் ஒட்டிக்கொண்டு ஓடுவதால் வருகிற இழுப்பு அது. போர்டின் ஓரம் உருண்டையாக இருந்தாலும் இதே கதை: தண்ணீர் ஓரத்தைச் சுற்றி ஒட்டிக்கொண்டு, போர்டை அலையோடு பிடித்துவைக்கும். கொஞ்சம் தடுமாறினாலும் மன்னிக்கும். ஓரம் கூராக இருந்தால், மூக்கு வைத்த பாத்திரத்திலிருந்து பால் ஊற்றும்போது சிந்தாமல் அறுந்து விழுகிற மாதிரி, தண்ணீர் டக்கென்று விலகிவிடும். வேகம் கூடும், ஆனால் தப்பான நேரத்தில் ஓரம் இறங்கினால் குப்புறத் தள்ளிவிடும். பல நல்ல போர்டுகளில் நடுவரை மழுங்கல், வால் பக்கம் வரவரக் கூர். கட்டைவிரலால் முழு நீளத்துக்கும் தடவினால் அந்த மாற்றம் எங்கே தொடங்குகிறது என்று தெரியும்.

8. வால் அகலமாக இருந்தால் அலை தள்ள இடம் அதிகம். ஊசி மாதிரி குறுகிய வால் தண்ணீருக்குள் அமுங்கிப் பிடித்துக்கொள்ளும். பெரிய கடல் அலைக்கு அது வேண்டும். எடை போதாத படகின் பலவீனமான அலையில் அது உங்களைப் பின்னால் விட்டுவிடும். முனை மழுக்கின சதுர வால் எல்லாவற்றுக்கும் பரவாயில்லை ரகம். மீன்வால் எனக்குப் பிடித்தது. கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் ஸ்டீவ் லிஸ் என்பவர் 1967 வாக்கில் மண்டியிட்டு ஓட்டுகிற குட்டைப் பலகைக்காக வெட்டிய வடிவம் அது. அகலம் இருப்பதால் தள்ளல் உண்டு. நடுவில் வெட்டு இருப்பதால் சாயும்போது ஒரு முனை மட்டும் கடித்துப் பிடிக்கும். அகல வாலும் ஊசி வாலும் சேர்ந்த மாதிரி.

9. அடிவயிற்றில் குழிவு இருந்தால் தண்ணீர் அதற்குள் அடைபட்டு, போர்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் பாயும். வாளித் தண்ணீரில் உள்ளங்கையை விரித்து ஒரு முறை, குவித்து ஒரு முறை கீழே அழுத்திப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். குழிவு ஆழமாக இருந்தால் வேகம், பிடிப்பு. தட்டை என்றால் வழுக்கல். படகோட்டும் அண்ணாச்சிகள் இதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். முதல் இரண்டு வருஷம் இதற்காகத் தனியாகக் காசு செலவழிக்கத் தேவையில்லை என்பது என் கட்சி.

10. மூக்கு உருண்டையாக இருந்தால் முன்பக்கம் பரப்பு அதிகம், நிதானம் அதிகம். கூர் மூக்கு லேசானது, சுழற்ற வசதி. பக்கத்தில் நிற்பவர் முழங்காலுக்கு ஆபத்து. குழந்தைகள் இருக்கும் படகில் உருண்டை மூக்கே வையுங்கள்.

11. ஃபின்தான் மலிவான மாற்றம், பெரிய பலன். 1935-ல் அமெரிக்கரான டாம் பிளேக், ஒரு பழைய படகின் அடிக்கட்டையைக் கழற்றித் தன் பலகைக்கு ஒட்டினார். அதுவரை பின்னங்காலை நீரில் இழுத்துத்தான் திருப்பினார்கள். 1980-ல் ஆஸ்திரேலியாவின் சைமன் ஆண்டர்சன் ஏறத்தாழ ஒரே அளவில் மூன்று ஃபின் வைத்தார். மறு வருஷமே பெல்ஸ் பீச் போட்டியை அதில் ஜெயித்துக் காட்ட, உலகமே அதற்கு மாறியது. நம் போர்டில் கணக்கு இப்படி: மூன்று என்றால் நம்பகம், எந்தக் காலில் தப்பு செய்தாலும் தாங்கும். நான்கு என்றால் நடுவில் தடை இல்லாததால் வேகம். இரண்டு என்றால் துள்ளல், வால் விளையாடும். ஒற்றைக் குட்டி ஃபின் என்றால் நேராக ஓடும், சுற்ற விடும். பெரிய சாய்வுத் திருப்பத்தில் கைவிடும்.

12. போர்டு "இறுக்கமாக" இருக்கிறது, திரும்பவே மாட்டேன் என்கிறது என்று தோன்றினால் புதிது வாங்கக் கிளம்பாதீர்கள். நடு ஃபின்னை மட்டும் ஒரு அளவு சின்னதாக்கிப் பாருங்கள். வால் வழுக்கி விழுகிறீர்களா? பெரிதாக்குங்கள். ஒரு நாளைக்கு ஒரே ஒரு மாற்றம் என்று வைத்துக்கொண்டால்தான் எது வேலை செய்தது என்று தெரியும்.

13. ஃபின் திருகுக்கான குட்டி ஆலன் கீயைப் படகுச் சாவிக் கொத்திலேயே கோத்துவிடுங்கள். வீட்டு டிராயரில் இருக்கும் சாவியால் ஏரியில் பயனில்லை. கரைக்குப் பக்கத்தில் ஃபின் மாற்றும்போது திருகு விழுந்தால் போனதுதான். ஒரு பழைய துண்டை விரித்து அதன்மேல் வைத்துச் செய்யுங்கள்.

14. தள்ளல் வரவில்லை என்றால் போர்டைத் திட்டும் முன் படகைக் கவனியுங்கள். வேகம் கொஞ்சம் குறைந்தால் அலை செங்குத்தாகவும் குட்டையாகவும் எழும். கூட்டினால் நீண்டு, சுத்தமாகப் படியும். கனமான ஸ்கிம் ஆளுக்கு முதலாவது, மிதப்பான சர்ஃப் போர்டுக்கு இரண்டாவது. பெரிய வேக்சர்ஃப் படகுகள் ஆயிரம் கிலோவுக்கும் மேல் தண்ணீரை வயிற்றில் நிரப்பிக்கொண்டுதான் அந்த அலையை எழுப்புகின்றன. எங்கள் படகு சின்னது. அதனால் நான் ஏறும்போது தயிர்சாதம் சாப்பிட்டு உட்கார்ந்திருக்கும் நால்வரையும் நான் சவாரி செய்யும் பக்கத்துக்கு நகர்த்திவிடுவேன். முணுமுணுப்பார்கள். அலை ஒரு சாண் உயரும்.

15. முன்னே வருகிற கால் எது என்று தெரியாவிட்டால், சாக்ஸ் போட்டுக்கொண்டு வழுவழுப்பான தரையில் ஓடி வழுக்குங்கள். தானாக முன்னே போவது எதுவோ அதுதான். இடது கால் முன்னே என்றால் படகின் இடப்பக்க அலையில் நிற்கும்போது முகம் அலையைப் பார்க்கும். வலது என்றால் வலப்பக்கம். வாடகைப் படகில் ஏறும்போதே சொல்லிவிடுங்கள்.

16. முன்கால் அழுத்தினால் வேகம், பின்கால் அழுத்தினால் பிரேக். இதிலும் வடிவத்துக்குப் பங்கு உண்டு: அகல வால் போர்டில் சறுக்கி முன்னே ஓடிவிடுவோம் என்ற பயத்தில் எல்லோரும் பின்காலில் உட்காருகிறார்கள், அலை அவர்களை விட்டுவிட்டுப் போகிறது. குறுகிய வாலில் அதே எடை இன்னும் ஆழமாக அமுக்கும். போர்டு மாற்றினால் காலையும் ஓர் அங்குலம் முன்னே, பின்னே நகர்த்திப் பழகுங்கள்.

17. இதில் சமரசம் கூடாது. இன்போர்டு படகு, அல்லது விசிறி அடியில் முன்நோக்கி இருக்கும் படகு தவிர வேறு எதன் பின்னாலும் வேக்சர்ஃப் செய்யாதீர்கள். மற்றவற்றில் விசிறி உங்களுக்கு நேராகச் சுழலும். கயிற்றைக் கையில் சுற்றக் கூடாது. கடலில் கணுக்காலில் கட்டும் வார் இங்கே வேண்டாம். லைஃப் ஜாக்கெட் கட்டாயம். படகின் பின்பலகையில் தொங்கிக்கொண்டு வரக் கூடாது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மிதப்பில்லாத சின்னப் போர்டு உங்களைப் படகுக்கு நெருக்கமாகவே வைத்திருக்கும். அளவான போர்டு எடுக்க அதுவும் ஒரு காரணம்.

18. மேல்பக்கத்துக்கு ஒட்டுப் பஞ்சா, மெழுகா? படகு உங்களுடையது இல்லை என்றால் பஞ்சு. மெழுகு பூசிய போர்டை வெள்ளை இருக்கைமேல் சாய்த்துவைத்த ஒரே ஒரு மதியத்தில் எங்கள் நட்பு ஆட்டம் கண்டது. பழைய மெழுகை எடுக்க, போர்டை ஐந்து நிமிஷம் வெயிலில் காட்டி, பழைய சீப்பின் முதுகால் வழித்து, மிச்சத்தைத் தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள். பிறகு சோப்புத் தண்ணீர். எண்ணெய்ப் பிசுக்கு மிச்சமிருந்தால் அடுத்த சவாரி இரண்டே வினாடி.

19. புதுப் போர்டை வாங்கிய அன்றே எடை போட்டு, அடிப்பக்கத்தில் பென்சிலால் கிராம் கணக்கில் எழுதிவையுங்கள். ஆண்டுக்கொரு முறை மறுபடி போடுங்கள். கூடியிருந்தால் எங்கோ மயிரிழை விரிசல் வழியாக உள்ளே தண்ணீர் குடித்திருக்கிறது. குடித்தது தெரிந்தால் விரிசல் கீழ்ப்பக்கம் வரும்படி நிழலில் சாய்த்து, நாள்கணக்கில் வடியவிடுங்கள். ஈரத்தோடு அடைத்தால் உள்ளேயே தங்கிவிடும்.

20. விரிசலுக்குப் பூசும் முன் உள்ளே என்ன நுரை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். டிவி பெட்டிக்குள் வரும் வெள்ளைத் தெர்மாகோல் வகை என்றால் எபாக்சி மட்டும். கடையில் மலிவாகக் கிடைக்கிற பாலியஸ்டர் பசையை ஊற்றினால் நுரை கரைந்து குழியாகிவிடும், கண்ணெதிரே. அவசரத்துக்கு டக்ட் டேப் ஒட்டி அந்த நாளை ஓட்டலாம். டெக்சாஸ் கோடையில் பூட்டிய காருக்குள் போர்டை விடாதீர்கள். உள்ளிருக்கும் காற்று விரிந்து தோல் கொப்புளிக்கும். கறுப்பு உறை இன்னும் மோசம், வெள்ளிநிற உறை வாங்குங்கள். பழைய போர்டு வாங்குகிறவர்கள் கட்டைவிரலால் மேல்பக்கம் முழுக்க அழுத்திப் பாருங்கள், விரல் முட்டியால் தட்டியும் பாருங்கள். தேங்காயைத் தட்டிப் பார்க்கிற அதே காதுதான்: ஓரிடத்தில் மட்டும் பொத்தென்று கேட்டால் அங்கே தோல் பிரிந்திருக்கிறது. ஃபின் சொருகும் பெட்டியைச் சுற்றி வட்ட விரிசல் இருந்தால் பாதி விலைக்கும் வேண்டாம்.

21. வீட்டுக்குக் கிளம்பும் முன் போர்டு, உறை, கயிறு எல்லாவற்றையும் துடைத்துக் காயவையுங்கள். ட்ராவிஸ் ஏரியில் 2017-ல் வரிக்குதிரைச் சிப்பி கண்டுபிடிக்கப்பட்டது. அதன் குஞ்சு கண்ணுக்குத் தெரியாது. ஒரு கை ஈரத்தில் அடுத்த ஏரிக்குப் போய்விடும். படகுத் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் சாலையில் ஏற்ற வேண்டும் என்று டெக்சாஸ் முழுவதற்கும் 2014 முதல் சட்டமே இருக்கிறது.

22. ஒத்துவராத போர்டை உடனே அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடாதீர்கள். அந்த வடிவம் வேறு யாருக்கோ சரியாக இருக்கும். என் மயில் போர்டை எதிர்வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தேன். 12 வயது, 38 கிலோ. மெல்லிசு, தட்டை, விரல் நீள ஃபின் என்று என்னைக் கவிழ்த்த அத்தனையும் அவளுக்கு வாட்டம். மூன்றாவது வாரம் கயிற்றை விட்டாள். போன சனிக்கிழமை அலையில் நின்றபடியே ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டு, "ஆன்ட்டி, வீடியோ எடுத்தீங்களா?" என்று கத்தினாள். என் கையில் புளியோதரைத் தட்டு இருந்தது.